உள்ளங்கையில் ஒரு மகிழுந்து

நுழையும்முன்

பெரியவற்றைச் சிறிதாக்கிக் கையில் ஏந்திப் பார்க்கும் வேட்கை மனிதருக்குத் தொன்றுதொட்டு உண்டு. இருபதாம் நூற்றாண்டில் அவ்வேட்கை நெகிழியாலான மகிழுந்து மாதிரிகளாகவும் உருப்பெற்றது. பெட்டியில் வரும் உதிரிகளை ஒட்டி முடிப்பதோடு இக்கலை நின்றுவிடுவதில்லை. உருவை மாற்றி, வண்ணம் ஏற்றி, தன் எண்ணத்தில் உள்ள மகிழுந்தைத் தானே படைத்துக்கொள்வதே இதன் உயர்நிலை. பொழுதுபோக்காகத் தொடங்கிய இக்கைவினை, கணக்கையும் வேதியியலையும் வடிவமைப்பையும் கற்றுத்தரும் பயிற்சிக்கூடமாக வளர்ந்த வரலாற்றையும் அதன் செய்முறை நுட்பங்களையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

சிறுமையின் கணக்கு

அளவு மாதிரி என்பது பொம்மை அன்று. பொம்மைக்கு உருவ ஒற்றுமை போதும். அளவு மாதிரிக்கு விகிதம் வேண்டும். மூலப்பொருளின் ஒவ்வோர் உறுப்பும் ஒரே விகிதத்தில் சிறுத்திருந்தால்தான் அது அளவு மாதிரி எனப்படும். மகிழுந்து மாதிரிகளில் 1/24, 1/25 ஆகிய விகிதங்களே பெருவழக்கு. 1/24 என்றால் மூலத்தின் 24 அலகு நீளம் மாதிரியில் ஓர் அலகாகச் சுருங்கும். ஓர் அடி அரை அங்குலமாகும். 4.8 மீட்டர் நீளமுள்ள மகிழுந்து 20 சென்டிமீட்டர் நீளத்தில் மேசைமேல் வந்து நிற்கும்.

நீளம் 24இல் ஒரு பங்காகும்போது பரப்பு 576இல் ஒரு பங்காகிறது; கனஅளவோ 13,824இல் ஒரு பங்காகிறது. வகுப்பறையில் வாய்பாடாகக் கற்ற வர்க்கமும் கனமும் இங்கே கண்முன் நிற்கின்றன.

ஆனால், எல்லாமே நம் விருப்பப்படி சுருங்கிவிடுவதில்லை. வண்ணப்பூச்சின் தடிமனும், காற்றில் மிதக்கும் தூசியும், நம் விரல்களும் சுருங்க மறுக்கின்றன. மாதிரியின்மேல் 0.1 மில்லிமீட்டர் தடிமனில் பூசப்பட்ட வண்ணம், உண்மையான மகிழுந்தில் 2.4 மில்லிமீட்டர் தடிமனுக்கு ஈடாகும். அவ்வளவு தடித்த பூச்சு கதவிடுக்குகளை அடைத்துவிடும். கூரிய விளிம்புகளை மழுக்கிவிடும். பூச்சில் சிக்கிய 0.5 மில்லிமீட்டர் தூசி, பெரிய வண்டியின்மேல் 12 மில்லிமீட்டர் கல்லாக உருவெடுக்கும். கொண்டைக்கடலை அளவுள்ள பருக்கள் நிறைந்த ஒரு மகிழுந்தை யார் வாங்குவார்? சிறியதைச் செய்பவர் பெரியதைச் செய்பவரைவிடக் கூடுதல் தூய்மையும் கவனமும் உடையவராக இருக்கவேண்டியதன் காரணம் இக்கணக்கிலேயே அடங்கியுள்ளது.

விற்பனைக் கூடத்திலிருந்து விளையாட்டு மேசைக்கு

நெகிழி மகிழுந்து மாதிரிகளின் பிறப்பிடம் அமெரிக்காவின் மகிழுந்துத் தொழில் மையமான டெட்ராய்ட் வட்டாரம். இரண்டாம் உலகப்போருக்குப் பின், புதிய வண்டிகளை விளம்பரப்படுத்துவதற்காக மகிழுந்து நிறுவனங்கள் சிறிய மாதிரிகளைச் செய்வித்து விற்பனையாளர்களுக்கு வழங்கின. தந்தை புதிய வண்டியைப் பார்வையிடுகையில் உடன்வந்த பிள்ளையின் கையில் அதன் சிற்றுரு கொடுக்கப்பட்டது. அம்மாதிரிகள் உண்மையான வண்டிகளின் வண்ணங்களிலேயே கிடைத்ததால், வாங்குவோர் நிறம் தெரிவதற்கும் அவை உதவின.

மிச்சிகன் மாநிலத்தில் 1948இல் தொடங்கப்பட்ட ஏ.எம்.டி. நிறுவனம் இத்தகைய மாதிரிகளைச் செய்வதில் முன்னோடிகளுள் ஒன்று. தொடக்கத்தில் அலுமினியத்திலும் பின்னர் நெகிழியிலும் அந்நிறுவனம் மாதிரிகளை வார்த்தது. முதலில் பயன்பட்ட அசிட்டேட் வகை நெகிழி நாளடைவில் சுருங்கிக் கோணிக்கொண்டது. அதன் இடத்தை உருமாறாமல் நிலைக்கும் பாலிஸ்டைரீன் பிடித்தது.

1958இல் ஏ.எம்.டி. நிறுவனம் ஒரு புதுமையைச் செய்தது. ஒரே பெட்டியிலிருந்து மூன்று விதமாக மகிழுந்தை உருவாக்கும் உதிரித்தொகுப்பை அது வெளியிட்டது. தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் அதே வடிவில் செய்யலாம். விருப்பம்போல் அழகுபடுத்திச் செய்யலாம். பந்தய வண்டியாகவும் செய்யலாம். கூடுதல் சக்கரங்களும் முகப்புகளும் எந்திர உறுப்புகளும் பெட்டியில் நிறைந்திருந்தன. அதுவரை செய்முறைத்தாள் சொன்னதைச் செய்துவந்த சிறுவர்களிடம், 'உனக்கு எது வேண்டும்?' என்று முதன்முறையாக ஒரு பெட்டி கேட்டது. மிஞ்சிய உதிரிகள் குப்பைக்குச் செல்லவில்லை. அட்டைப்பெட்டிகளில் சேமிக்கப்பட்டு அடுத்த வண்டிக்குப் பயன்பட்டன. ஒரு தொகுப்பின் உறுப்பை மற்றொன்றில் பொருத்தும் கலப்பு முறை இவ்வாறு வேரூன்றியது.

இப்புதுமைக்குப் பின்னால் ஒரு சமூகச் சூழலும் இருந்தது. போருக்குப் பிந்தைய கலிபோர்னியாவில் இளைஞர்கள் பழைய வண்டிகளை மலிவு விலைக்கு வாங்கி, கூரையைத் தாழ்த்தி, பளபளப்பு அணிகளை நீக்கி, புதுவண்ணம் ஏற்றித் தமக்கென ஓர் அடையாளத்தை உருவாக்கிக்கொண்டனர். மெக்சிக வழிவந்த இளைஞர்கள் தரையை உரசுவதுபோல் தாழ்ந்து செல்லும் வண்டிகளைத் தம் பண்பாட்டுச் சின்னமாகவே வளர்த்தனர். பாப் ஹிரோஹாட்டா என்ற இளைஞருக்காக ஜார்ஜ் பாரிஸ், சாம் பாரிஸ் உடன்பிறந்தாரின் பட்டறை உருமாற்றிய 1951ஆம் ஆண்டு மெர்க்குரி வண்டி அக்காலத்தின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. பச்சையின் இரு சாயல்களில் மின்னிய அவ்வண்டி, பின்னாளில் அமெரிக்காவின் வரலாற்றுச் சிறப்புமிக்க வாகனங்களின் பதிவேட்டில் இடம்பெற்றது. பட்டறைகளில் பெரியவர்கள் செய்ததை வீட்டு மேசையில் சிறியவர்கள் செய்தனர். சொந்தமாக வண்டி வாங்கும் வயதும் வசதியும் இல்லாதவர்க்கு மாதிரியே வண்டியாயிற்று.

பசிபிக் பெருங்கடலின் மறுகரையில், ஜப்பானின் ஷிசுவோகா நகரில் 1946இல் மர வணிகமாகத் தொடங்கிய தமியா நிறுவனம், முதலில் மரத்தாலான மாதிரிகளையும் பின்னர் நெகிழி மாதிரிகளையும் செய்யலாயிற்று. உறுப்புகள் இடைவெளியின்றிப் பொருந்தும் துல்லியத்திற்காக அதன் தொகுப்புகள் இன்றும் பாராட்டப்படுகின்றன.

மாதிரி திறந்த கல்விக் கதவு

மாதிரி செய்வது வெறும் பொழுதுபோக்கு என எண்ணுவோர் ஒரு வரலாற்றை அறிதல் நலம். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஃபிஷர் பாடி பிரிவு 1930இல் சிறுவர்களுக்கான கைவினைப் போட்டி ஒன்றைத் தொடங்கியது. உலகப் பொருளாதாரப் பெருமந்தம் அமெரிக்கக் குடும்பங்களை வாட்டிய காலம் அது. பரிசாக வழங்கப்பட்டது கல்லூரிப் படிப்பிற்கான உதவித்தொகை. முதலில் நெப்போலியன் காலத்துக் குதிரைவண்டியின் நுண்மாதிரியைச் செய்யவேண்டியிருந்தது. பின்னர், தாமே கற்பனைசெய்த மகிழுந்தை 1/12 விகிதத்தில் செய்யும் பிரிவும் சேர்ந்தது. அக்காலத்தில் ஆயத்த உதிரிகள் இல்லை. மரக்கட்டையைச் செதுக்கி, தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கி, வண்ணம் ஏற்றி அனுப்பினர் சிறுவர்கள்.

1947ஆம் ஆண்டுப் போட்டியில் வென்ற சார்லஸ் ஜோர்டான், பின்னர் அந்நிறுவனத்திலேயே வடிவமைப்பாளராகச் சேர்ந்தார். 1986இல் அதன் வடிவமைப்புத் துறைக்குத் துணைத்தலைவராக உயர்ந்தார். அவரைப் போன்று இப்போட்டியின் வழியே வடிவமைப்புத் தொழிலுக்கு வந்தோர் பலர். 1968 வரை இப்போட்டி நடைபெற்றது.

இவ்வரலாற்றில் மறையாத் தழும்பு ஒன்றும் உண்டு. போட்டி சிறுவர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. சிறுமியர்க்கு அங்கு இடமில்லை. திறமை இருபாலார்க்கும் பொது. வாய்ப்போ ஒருபாலார்க்கு மட்டும் திறந்துவிடப்பட்டது. இன்று வடிவமைப்புக் கல்லூரிகளில் பெண்கள் பயில்கின்றனர். அன்று மூடியிருந்த கதவால் எத்தனை கைகளின் ஆக்கங்களை உலகம் இழந்தது என்பதைக் கணக்கிட எவராலும் இயலாது.

வடிவமைப்புத் தொழிலிலும் மாதிரிக்குச் சிறப்பிடம் உண்டு. 1927இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் வடிவமைப்புக்கெனத் தனித்துறை அமைக்கப்பட்டபோது அதற்குத் தலைமையேற்ற ஹார்லி ஏர்ல், களிமண்ணால் மாதிரி செய்து பார்க்கும் முறையைப் பரவலாக்கினார். கணினித்திரையில் வரைபடம் விரியும் இக்காலத்திலும் வடிவமைப்புக் கூடங்கள் களிமண் மாதிரிகளைக் கைவிடவில்லை. திரையில் அழகாகத் தோன்றும் வளைவு, கையால் தடவிப் பார்க்கையில் வேறொன்றாகத் தோன்றுவதுண்டு. கண்ணும் கையும் சேர்ந்து தீர்ப்பளிக்கும் இடம் அது.

தெரிந்து தெளிவோம்

விகிதம் 1/24 எனில் மூலத்தின் அளவு மாதிரியில் ஆகும் விதம்:
மகிழுந்தின் நீளம் 4.8 மீ – 20 செ.மீ.
சக்கரத்தின் விட்டம் 60 செ.மீ. – 2.5 செ.மீ.
கதவிடுக்கு 4.8 மி.மீ. – 0.2 மி.மீ.

பெட்டியைத் திறந்ததும்

உருகிய பாலிஸ்டைரீனை எஃகு அச்சுக்குள் மிகுந்த அழுத்தத்தில் செலுத்திக் குளிரவைத்தால் உதிரிகள் உருவாகின்றன. நெகிழி ஓடிய கால்வாய்களே இறுகிச் சட்டமாகி உதிரிகளைத் தாங்கிநிற்கின்றன. உதிரிகளைச் சட்டத்திலிருந்து கையால் பிய்த்தல் கூடாது. நறுக்குக்குறடால் சற்றுத் தள்ளி வெட்டி, எஞ்சிய முனையைக் கத்தியால் சீவி, உப்புத்தாளால் தேய்க்கவேண்டும். அச்சின் இருபாதிகள் சேருமிடத்தில் மெல்லிய கோடு ஒன்று உடற்பகுதியின்மேல் ஓடும். அதனையும் தேய்த்து நீக்கவேண்டும். வார்ப்பிலிருந்து எளிதில் கழல்வதற்காகப் பூசப்பட்ட எண்ணெய்ப்பசை உதிரிகளில் ஒட்டியிருக்கும். வழலைநீரில் கழுவி உலர்த்தாவிடில் வண்ணம் பற்றாது.

உதிரிகளை இணைக்கும் திரவம் சாதாரணப் பசை அன்று. அஃது ஒரு கரைப்பான். இருபரப்புகளையும் அது இளக்க, இளகிய நெகிழியின் நீண்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. கரைப்பான் ஆவியானதும் இரு துண்டுகளும் ஒரே துண்டாகின்றன. இரும்பைப் பற்றவைப்பதற்கு ஒப்பான செயல் இது. எனவே, மிகக் குறைவாகவே பயன்படுத்தவேண்டும். மிகுந்தால் உறுப்பே உருகி உருக்குலையும். கண்ணாடிப் பகுதிகளுக்கு இக்கரைப்பானும் ஆகாது; உடனடியாக ஒட்டும் சயனோஅக்ரிலேட் பசையும் ஆகாது. பின்னதிலிருந்து எழும் ஆவி, ஒளிபுகும் நெகிழியின்மேல் வெண்படலமாய்ப் படியும். உலர்ந்தபின் தெளிவாகும் வெள்ளைப் பசையே அதற்கு உகந்தது.

கூரையைத் தாழ்த்துதல்

உருமாற்றும் கலையில் தலையாயது கூரையைத் தாழ்த்துதல். உண்மையான வண்டியின் கூரையை 10 சென்டிமீட்டர் தாழ்த்துவது, 1/25 மாதிரியில் 4 மில்லிமீட்டர் தாழ்த்துவதற்கு ஒப்பாகும். கூரையைத் தாங்கும் தூண்களிலிருந்து 4 மில்லிமீட்டர் துண்டை அறுத்து எடுத்துவிட்டால் போதும் எனத் தோன்றும். அறுத்தபின்தான் சிக்கல் விளங்கும்.

மகிழுந்தின் தூண்கள் செங்குத்தாக நிற்பதில்லை. முன்தூண் பின்னோக்கியும் பின்தூண் முன்னோக்கியும் சாய்ந்துள்ளன. மேலே செல்லச் செல்ல அவற்றுக்கிடையே உள்ள தொலைவு குறைகிறது. இடையில் ஒரு துண்டை நீக்கியதும், கூரையோடு உள்ள மேல்முனைகளும் உடலோடு உள்ள கீழ்முனைகளும் நேருக்குநேர் சந்திப்பதில்லை. இதற்கு இருவழிகள் உண்டு. தூண்களை இன்னும் சாய்த்து வளைத்து இணைக்கலாம். அல்லது கூரையைக் குறுக்கே வெட்டி, இடையில் நெகிழிப் பட்டை வைத்து நீட்டலாம். முன்னது வண்டியின் முகத்தோற்றத்தை மாற்றும். பின்னது கூரையின் வளைவை மாற்றும். எதனைத் தேர்ந்தாலும் முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் பொருந்தாமற்போகும். அவற்றையும் மீண்டும் வெட்டவேண்டும். இருக்கைகளும் ஓட்டுசக்கரமும் உயர்ந்து தோன்றும், அவற்றையும் தாழ்த்தவேண்டும்.

ஒன்றை மாற்றினால் அதனோடு தொடர்புடைய அனைத்தும் மாறும் என்னும் உண்மையை நூல்களில் படித்திருப்போம். அறுத்த கூரையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் அவ்வுண்மை நெஞ்சில் பதிகிறது. ஆதலால், தேர்ந்த கைவினைஞர்கள் முதலில் அறுப்பதில்லை. பக்கவாட்டுத் தோற்றத்தைத் தாளில் வரைந்து, தாளை வெட்டி நகர்த்திப் பார்த்து, எங்கே அறுப்பது என்பதை ஒட்டுநாடாவால் குறித்துக்கொண்டு, அதன் பின்னரே வாளை எடுக்கின்றனர்.

இணைப்பில் எஞ்சும் பள்ளங்களைப் பட்டி எனப்படும் நிரப்புகலவையால் நிரப்புவர். பட்டி உலரும்போது சுருங்கும் இயல்புடையது. மேற்பரப்பு காய்ந்ததும் தேய்த்து முடித்துவிட்டால், உள்ளிருக்கும் ஈரம் பிறகு வெளியேற, வண்ணத்திற்கு அடியில் பள்ளம் மீண்டும் தோன்றும். மெல்லிய அடுக்குகளாக இட்டு, ஒவ்வொன்றையும் முழுமையாக உலரவிடுவதே முறை. ஆழமான இடைவெளிகளைப் பட்டியால் நிரப்புதல் தவறு. அங்கே நெகிழித்துண்டையே வைத்து ஒட்டுதல் வேண்டும்.

வண்ணம் ஏற்றும் கலை

வண்ணம் குறைகளை மறைக்கும் என்பது பொதுவான எண்ணம். பளபளப்பான வண்ணமோ குறைகளை எடுத்துக்காட்டும். இதனை அறிந்தே கைவினைஞர்கள் முதலில் பிரைமர் எனப்படும் சாம்பல்நிற அடிப்பூச்சைப் பூசுகின்றனர். வெவ்வேறு நிறங்களில் கிடந்த நெகிழியும் பட்டியும் ஒரே நிறமானதும், அதுவரை கண்ணில் படாத கீறலும் குழியும் தலைகாட்டும். மீண்டும் பட்டி, மீண்டும் தேய்ப்பு, மீண்டும் அடிப்பூச்சு. இச்சுற்று மூன்று, நான்கு முறைகூட நிகழும். அடிப்பூச்சுக்கு இன்னொரு பயனும் உண்டு. கடுமையான லாக்கர் வண்ணத்தின் கரைப்பான் நெகிழியை அரிக்காமல் அது தடுத்துக் காக்கிறது.

அடுத்து, வண்ணம். தெளிப்புக்குப்பியால் தெளிக்கையில் மாதிரியிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் தொலைவு பேணுதல் நன்று. நெருங்கினால் வண்ணம் வழியும்; விலகினால் துளிகள் காற்றிலேயே உலர்ந்து சொரசொரப்பாகப் படியும். தெளிப்பை வண்டிக்கு வெளியே தொடங்கி, அதன்மேல் சீராகக் கடந்து, மறுபுறம் வெளியே முடிக்கவேண்டும். முதலில் பனிமூட்டம்போல் மெல்லிய தூவல். அதன்பின் பரப்பு நனையும் அளவிற்குச் சற்றுச் செறிந்த பூச்சு. ஒரே முறையில் நிறத்தை முழுமையாக்க முயல்வதே தொடக்கநிலையாளரின் பெரும்பிழை.

வண்ணத்தின் வகையும் வரிசையும் வேதியியலைச் சார்ந்தவை. லாக்கர் விரைந்து உலரும். எனாமல் இறுகுவதற்கு நாள்கணக்கில் ஆகும். எனாமலின்மேல் லாக்கரைப் பூசினால், மேற்பூச்சின் கரைப்பான் அடிப்பூச்சை இளக்கிச் சுருக்கங்களை உண்டாக்கும். மழைக்காலத்தில் லாக்கர் பூசுவோர் மற்றொன்றையும் கவனிக்கவேண்டும். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து வண்ணத்தை வெளுக்கச்செய்கிறது. கடற்கரை ஊர்களில் வாழும் நாம் இதனை எளிதில் உணரலாம்.

மின்னும் வண்ணங்களில் அளவுக்கணக்கு மீண்டும் குறுக்கிடுகிறது. உண்மையான வண்டியின் வண்ணத்தை வாங்கி மாதிரிக்குப் பூசினால் நிறம் ஒத்திருக்கும். ஆனால், கண் நம்பாது. 0.03 மில்லிமீட்டர் அளவுள்ள உலோகத்துகள், 24 மடங்கு பெருகினால் ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர் ஆகும். வண்டியின்மேல் ரவையைத் தூவியதுபோல் தோன்றும். எனவே, மாதிரிகளுக்கு மிகநுண்ணிய துகள்கள் கொண்ட வண்ணங்களைத் தேர்வர். மூலத்தை அப்படியே பெயர்த்தெழுதுவது உண்மைத்தன்மை ஆகாது என்பதற்கு இஃது ஒரு சான்று. மூலம் நம் கண்ணில் ஏற்படுத்தும் உணர்வைச் சிற்றுருவும் ஏற்படுத்தவேண்டும்.

வண்ணம் நன்கு இறுகியபின், வண்ணம் பூசுவோர் வாட்டர் பேப்பர் என வழங்கும் நீர்த்தேய்ப்புத் தாள்களால் மேற்பரப்பை மெருகிடுவர். 3,000 எண்ணுள்ள தாளில் தொடங்கி 12,000 எண்ணுள்ள மிகநுண்ணிய தாள்வரை படிப்படியாகச் சென்று, இறுதியில் மெருகுக்களிம்பால் துடைத்தால் ஆரஞ்சுத்தோல் போன்ற மேடுபள்ளங்கள் மறைந்து கண்ணாடிபோல் முகம் தெரியும். விளிம்புகளிலும் மடிப்புகளிலும் வண்ணம் மெல்லியதாகப் படிந்திருக்கும் ஆதலால் அங்கே கைபட்டால் அடிப்பூச்சு வெளிப்பட்டுவிடும். பல நாள் உழைப்பு ஒரு நொடியில் வீணாகும் இடம் அதுவே.

நிறைவுப் பணிகள் எஞ்சியுள்ளன. சன்னல் ஓரங்களின் பளபளப்பு அணிகளுக்குப் பின்புறம் பசையுள்ள மெல்லிய உலோகத்தாளை ஒட்டி, மென்குச்சியால் அழுத்திப் படியவைத்து, கூரிய புதுக்கத்தியால் ஓரத்தை வெட்டுவர். கதவிடுக்குகளில் நீர்த்த கருவண்ணத்தை ஒரு துளி தொட்டுவைத்தால், நுண்புழை ஈர்ப்பால் அது தானே கோடு முழுவதும் ஓடிப் பரவும். பெயர்ப்பட்டைகளும் எண்களும் நீரில் ஊறவைத்து நழுவவிடும் ஒட்டுப்படங்களாக இடம்பெறும்.

தெரிந்து தெளிவோம்

செந்நிற நெகிழியில் வார்க்கப்பட்ட உடலின்மேல் வெள்ளை வண்ணம் பூசினால், சில நாள்களில் வெண்மை இளஞ்சிவப்பாக மாறுவதுண்டு. நெகிழியில் கலந்துள்ள சாயம், வண்ணத்தின் கரைப்பானில் கரைந்து மேலே கசிவதே காரணம். இடையில் வெள்ளிநிறப் பூச்சு ஒன்றைத் தடுப்பாக இட்டு இக்கசிவைத் தவிர்ப்பர்.

பாதுகாப்பு

வண்ணங்களிலும் பசைகளிலும் உள்ள கரைப்பான்களின் ஆவி நுரையீரலுக்கும் நரம்புகளுக்கும் தீங்கு பயக்கும். எளிதில் தீப்பற்றவும் கூடும். காற்றோட்டமான இடத்தில், அடுப்பும் விளக்குச்சுடரும் அருகில் இல்லாத சூழலில், கரைப்பான் ஆவியை வடிகட்டும் முகக்கவசம் அணிந்தே தெளிக்கவேண்டும். துணிக்கவசம் தூசியை ஓரளவு தடுக்கும், ஆவியைத் தடுக்காது. உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தால் துகள்கள் காற்றில் பறவா. கத்தியை எப்போதும் உடலுக்கு எதிர்த்திசையில் செலுத்தவேண்டும். நீரைக்கொண்டு கரைக்கும் அக்ரிலிக் வண்ணங்களில் தொடங்குவது மாணவர்களுக்கு ஏற்றது.

பிழையும் திருத்தமும்

இக்கைவினையில் பிழை செய்யாதவர் எவரும் இலர். வண்ணம் வழிந்துவிடும், தூசி விழுந்துவிடும், விரல்ரேகை பதிந்துவிடும். அப்போது கை பதறி ஈரவண்ணத்தைத் துடைக்க முற்படும். துடைத்தால் சிறுபிழை பெரும்பிழையாகும். செய்யவேண்டியது ஒன்றே, அப்படியே வைத்துவிட்டு விலகிச்செல்லுதல். முற்றிலும் உலர்ந்தபின் வழிந்த இடத்தைத் தேய்த்துச் சமப்படுத்தி மறுபூச்சு இடலாம். எதுவும் செய்யாமல் காத்திருப்பதும் ஒரு செயலே என்பதைக் கற்பிக்கும் கைவினைகள் மிகச்சில.

பிழையைத் திருத்துவதா, விடுவதா என்னும் கேள்வியும் எழும். பட்டிக்கு அடியில் ஓர் இணைப்பு சரியாகப் பொருந்தவில்லை என்பது செய்தவருக்கு மட்டுமே தெரியும். வண்ணம் பூசினால் காண்போர் அறியார். ஆயினும், அலமாரியில் அவ்வண்டியைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் செய்தவரின் கண் அவ்விடத்திற்கே செல்லும். சிலர் வண்ணம் முழுவதையும் கரைத்து நீக்கிவிட்டு மீண்டும் தொடங்குவர். வேறுசிலர் அக்குறையை ஏற்றுக்கொண்டு, அடுத்த வண்டியில் அது நேராமல் காப்பர். இரண்டும் நேர்மையான வழிகளே. குறை இருப்பதையே தனக்குத்தானே மறுப்பது மட்டுமே கைவினைஞருக்குத் தகாதது.

நிறைவாக

முடிந்த மாதிரி ஓடாது, எவரையும் ஏற்றிச்செல்லாது. வார இறுதிகள் பலவற்றை விழுங்கிய அப்பொருள் உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆயினும், அதைச் செய்தவர் பழையவராக இருப்பதில்லை. தெருவில் நிற்கும் ஒரு மகிழுந்தைக் காணும்போது, அதன் தூண்களின் சாய்வையும் கதவிடுக்கின் சீர்மையையும் வளைவில் ஓடும் ஒளியையும் அவர் கண் காண்கிறது. பட்டறையில் பட்டி பார்க்கும் தொழிலாளியின் கைத்திறன் எத்தகையது என்பதை அவர் கை அறிகிறது. பிறர் உழைப்பை மதிக்கக் கற்றுக்கொள்வதற்கு, ஒரு பொருளைத் தொடக்கம்முதல் இறுதிவரை தானே செய்து பார்ப்பதைவிடச் சிறந்த வழி இல்லை.

வாங்கிய பொருளில் பிறர் எண்ணம் இருக்கிறது. செய்த பொருளில் நம் எண்ணம் இருக்கிறது. விலையுயர்ந்த தொகுப்பு கிடைக்காதவர்க்கும் அட்டையும் மரச்சீவலும் கிட்டாமற்போவதில்லை. மரக்கட்டையைச் செதுக்கிய சிறுவர்களே பின்னாளில் உலகம் ஓட்டிய வண்டிகளை வடிவமைத்தனர் என்பதை நினைவில் கொள்வோம். பொறுமையும் துணிவும் உடைய கைகளுக்கு எளிய பொருளும் கல்விச்சாலையாகும்.

சொல்லும் பொருளும்

வேட்கை – விருப்பம்
சிற்றுரு – சிறிய வடிவம்
உதிரித்தொகுப்பு – இணைக்கப்படாத உறுப்புகள் அடங்கிய பெட்டி
வழலை – சோப்பு
நுண்புழை ஈர்ப்பு – மிகக் குறுகிய இடுக்கில் திரவம் தானே ஏறிப் பரவும் இயல்பு
மெருகு – பளபளப்பு

இலக்கணக் குறிப்பு

கண்ணும் கையும், பொறுமையும் துணிவும் – எண்ணும்மைகள்
தேய்த்துத் தேய்த்து – அடுக்குத்தொடர்
செந்நிறம் – பண்புத்தொகை
மறையாத் தழும்பு – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்

பகுபத உறுப்பிலக்கணம்

வளர்த்தனர் = வளர் + த் + த் + அன் + அர்
வளர் – பகுதி. த் – சந்தி. த் – இறந்தகால இடைநிலை. அன் – சாரியை. அர் – பலர்பால் வினைமுற்று விகுதி

அறுத்து = அறு + த் + த் + உ
அறு – பகுதி. த் – சந்தி. த் – இறந்தகால இடைநிலை. உ – வினையெச்ச விகுதி

கற்பவை கற்றபின்

1. உங்கள் வகுப்பறையின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றை அளந்து, 1/24 விகிதத்தில் அட்டை மாதிரி ஒன்றைக் குழுவாகச் செய்து காட்சிப்படுத்துக.
2. உங்கள் பகுதியில் வாகனங்களுக்கு வண்ணம் பூசும் பட்டறைக்குச் சென்று, அங்குள்ள தொழிலாளர் பயன்படுத்தும் கருவிகளின் பெயர்களையும் பணியின் படிநிலைகளையும் கேட்டறிந்து தொகுக்க.
3. 'கைவினைப் பயிற்சி பள்ளிக் கல்வியின் பகுதியாக வேண்டும்' என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. ஒரே பெட்டியிலிருந்து மூன்று விதமாக மகிழுந்தை உருவாக்கும் தொகுப்பு வெளியான ஆண்டு
அ) 1930 ஆ) 1948 இ) 1958 ஈ) 1968

2. 1/24 மாதிரியில் 0.5 மி.மீ. தூசி, உண்மையான வண்டியில் எவ்வளவுக்கு ஈடாகும்?
அ) 2.4 மி.மீ. ஆ) 5 மி.மீ. இ) 12 மி.மீ. ஈ) 24 மி.மீ.

3. கூற்று: பாலிஸ்டைரீன் உதிரிகளை இணைக்கும் திரவத்தை மிகக் குறைவாகப் பயன்படுத்தவேண்டும்.
காரணம்: அத்திரவம் நெகிழியை இளக்கும் கரைப்பான்.
அ) கூற்று சரி, காரணம் தவறு ஆ) கூற்று தவறு, காரணம் சரி இ) கூற்றும் காரணமும் சரி ஈ) இரண்டும் தவறு

குறுவினா

1. பொம்மைக்கும் அளவு மாதிரிக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. அடிப்பூச்சின் பயன்கள் இரண்டினை எழுதுக.
3. பட்டியை மெல்லிய அடுக்குகளாக இடுவது ஏன்?
4. மழைக்காலத்தில் லாக்கர் வண்ணம் வெளுப்பதன் காரணம் என்ன?

சிறுவினா

1. உண்மையான வண்டியின் மின்னும் வண்ணம் மாதிரிக்குப் பொருந்தாமைக்கான காரணத்தைக் கணக்குடன் விளக்குக.
2. 'ஒன்றை மாற்றினால் அதனோடு தொடர்புடைய அனைத்தும் மாறும்' – கூரையைத் தாழ்த்தும் முறையைக்கொண்டு நிறுவுக.
3. ஃபிஷர் பாடி போட்டியின் சிறப்பையும் குறையையும் மதிப்பிடுக.

நெடுவினா

1. நெகிழி மகிழுந்து மாதிரிக்கு வண்ணம் ஏற்றும் படிநிலைகளைத் தொகுத்து எழுதுக.
2. பிழையை எதிர்கொள்ளும் முறை குறித்து இப்பாடம் கூறும் கருத்துகளை, உங்கள் வாழ்வில் நிகழ்ந்த ஒரு நிகழ்வோடு ஒப்பிட்டுக் கட்டுரை வரைக.